பிணங்கள் வழங்கிய தீர்ப்பு

கடைசிப் பக்கத்தில் தீயவன் தண்டனை பெறுகிறான். ஆகவே அது நீதிக்கதையே என்று வாதிடுவோர் உளர். 1950 முதல் 1955 வரை அமெரிக்காவில் ஈ.சி. நிறுவனம் வெளியிட்ட திகில் சித்திரக்கதைகளுக்காக இன்றளவும் முன்வைக்கப்படும் வாதம் இது. 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹான்ட் ஆஃப் ஃபியர்' ஆகிய அவ்விதழ்களை வெளியிட்டவர் வில்லியம் கெய்ன்ஸ். கதைகளில் பலவற்றை எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன். அவற்றின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. அவை நீதியைக் கற்பித்தன என்பதையே மறுக்கிறோம்.

1952-இல் வெளிவந்த 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். செல்வந்தர் ஒருவரும் அவர் மகனும் அருகில் வாழும் ஏழை முதியவரை விரட்ட எண்ணி, காதலர் தினத்தன்று கொடிய வசைகள் எழுதிய வாழ்த்து அட்டைகளை அவருக்கு அனுப்புகின்றனர். மனமுடைந்த முதியவர் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். ஓராண்டு கழித்து, அதே நாளில், கல்லறையிலிருந்து எழுந்து வந்து மகனின் இதயத்தைப் பறித்தெடுக்கிறார். இங்கே வென்றது எது? குழந்தைகளை நேசித்த அந்த மனிதரின் கனிவு அவரோடு புதைந்துபோயிற்று. எழுந்து வந்தது அவரைக் கொன்றவர்களின் கொடுமையே. சாவும் தீமையை முடித்துவைக்கவில்லை, கைமாற்றியே விட்டது.

1953-இல் வந்த 'ஃபவுல் ப்ளே' கதையிலோ பேய்க்கும் வேலையில்லை. காலணி ஆணியில் நஞ்சு தடவி எதிரணி வீரரைக் கொன்ற பேஸ்பால் ஆட்டக்காரனை, இறந்தவரின் தோழர்கள் கூறுபோட்டு, அவன் உடலுறுப்புகளைக் கொண்டே நள்ளிரவில் ஆடி மகிழ்கின்றனர். இத்தகைய கதைகளுக்கு முன்னும் பின்னும் கோர உருவங்கள் தோன்றிச் சிலேடை பேசிச் சிரிக்கின்றன. வாசகனும் உடன் சிரிக்கிறான். உண்மையான கேடு குருதியில் இல்லை, இந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. தீயவன் மனம் வருந்திவிட்டால் கதை கெட்டுவிடும். எனவே அவன் வருந்திவிடக் கூடாதே என வாசகனே விரும்பத் தொடங்குகிறான். நினிவே அழியவில்லை என்று சினந்து நகருக்கு வெளியே அமர்ந்திருந்த யோனாவின் நெஞ்சம் அல்லவா அது?

அப்படியானால் இவற்றை எரித்தோர் சரியாகச் செய்தார்களா? இல்லை. 1948 டிசம்பரில், ஈ.சி.யின் திகில் இதழ்கள் தோன்றும் முன்பே, நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் நம் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் சித்திரக்கதைப் புத்தகங்களைத் திரட்டித் தீயிட்டனர். 1954-இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் இவை சிறுவரைக் குற்றவாளிகளாக்குவதாக நூல் எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. வெர்தாம் தம் சான்றுகளைத் திரித்திருந்ததை 2012-இல் ஆய்வாளர் கேரல் டில்லி வெளிப்படுத்தினார். புத்தகங்களைத் தண்டித்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பியவர்கள், அக்கதைகளின் கடைசிப் பக்கம் தரும் அதே நிறைவைத்தான் சுவைத்தார்கள்.

பதிப்பாளர்கள் 1954-இல் தமக்கென வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளும் இதைத் திருத்தவில்லை. நடமாடும் பிணங்களைத் தடுத்த அவ்விதிகள், குற்றவாளி ஒவ்வொரு முறையும் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டுமென்றன. பிணம் போயிற்று; கணக்கு அப்படியே நின்றது.

ஆனால் அதே ஃபெல்ட்ஸ்டைன் 1953-இல் 'ஜட்ஜ்மென்ட் டே', அதாவது 'தீர்ப்பு நாள்', என்றொரு கதையும் எழுதினார். ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்கள் நீல நிறத்தாரை ஒதுக்கி வாழும் கோளுக்குப் பூமியின் தூதர் வருகிறார். விண்குடியரசில் சேர அவர்களுக்கு இன்னும் தகுதியில்லை எனத் தீர்ப்பளிக்கிறார். பூமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, நீங்களும் மாறலாம் என்று நம்பிக்கை கூறிப் புறப்படுகிறார். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே அவர் கறுப்பினத்தவர் என அறிகிறோம். கதை மறுபதிப்புக்குச் சென்றபோது தணிக்கையாளர் ஆட்சேபித்தது அந்தக் கறுத்த முகத்தைத்தான்! நிறுவனம் பணியாமல், 1956 தேதியிட்ட இதழில் அதை அப்படியே அச்சிட்டது.

இக்கதையிலும் தவறு தவறென்றே உரைக்கப்படுகிறது. தண்டனையும் உண்டு. ஆனால் கதவு அடைக்கப்படவில்லை. தீமையைக் கண்டிக்கவும் தீயவனுக்காகக் காத்திருக்கவும் தெரிந்ததே நீதி.

பெற்றோரே, பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகத்தைப் பிடுங்குமுன் அதன் கடைசிப் பக்கத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு ஒன்றைக் கேளுங்கள்: இந்தத் தீயவன் இங்கே மனம் மாறி மன்னிப்புக் கேட்டிருந்தால் நீ மகிழ்ந்திருப்பாயா, ஏமாந்திருப்பாயா? பிள்ளை விடை சொல்லுமுன், நம் விடையையும் நாம் தேடி வைத்துக்கொள்வோம்.