அனுமதி கேட்காத காதலன்

பேய்க்கதையும் காதல் கதையும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. கிஸ்ஸாக்களைக் கூடியமர்ந்து கேட்ட தலைமுறையும், வார இதழ்த் தொடர்களுக்காகக் காத்திருந்த தலைமுறையும் நம்மிடையே இருந்தன. இன்றைய தலைமுறையின் கையில் இருப்பது இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்த ஒரு வகை. நாயகன் இரத்தக்காட்டேரியாகவோ, ஓநாய் மனிதனாகவோ, ஜின்னாகவோ இருப்பான். நாயகி சாதாரண மானிடப் பெண்ணாக இருப்பாள். ஆங்கிலத்தில் தடித்த நூல்களாகவும், தமிழில் கைபேசிச் செயலிகளின் தொடர்களாகவும் இக்கதைகள் நம் பிள்ளைகளை வந்தடைகின்றன.

இவற்றைப் பற்றி நம்மவரிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. "இவை ஷைத்தானின் கைவரிசை, தூக்கி எறியுங்கள்" என்பது ஒன்று. "கதைதானே, படித்துவிட்டுப் போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டு குரல்களுக்கும் பொதுவான குறை, இரண்டுமே நூலைத் திறந்து பார்க்காமல் எழுகின்றன என்பதே. நாம் திறந்து பார்த்தோம். நமக்குக் கிடைத்தது அதிர்ச்சியைவிட ஏமாற்றமே. அந்த ஏமாற்றத்தின் காரணத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், அது இலக்கியச் சுவை பற்றிய குறையோடு நின்றுவிடவில்லை. நம் பிள்ளைகள் நாளை எதை அன்பென்று நம்பப் போகிறார்கள் என்பதையும் தொடுகிறது.

வாசலில் நின்ற டிராகுலா

அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலில் ஒரு விதி உண்டு. வீட்டாருள் ஒருவர் அழைத்தாலன்றி இரத்தக்காட்டேரி முதன்முறையாக ஒரு வீட்டினுள் நுழைய முடியாது. அவன் கொடியவன், உயிரைக் குடிப்பவன். ஆயினும் வாசற்படி அவனைத் தடுத்தது. பிறர் வீடு பிறர் வீடே என்னும் எல்லையை அந்தக் கதை அவன்மீதும் சுமத்தியிருந்தது. அவன் தீமையானவன் என்பதிலும் கதைக்கு ஐயமில்லை. அவனை எதிர்த்து ஒரு சிறு குழுவே ஒன்றுதிரள்கிறது.

1976இல் அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் எழுதிய நாவலில் இரத்தக்காட்டேரியே தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. அங்கே அதற்கு ஒரு மனச்சாட்சி இருந்தது. தான் எடுத்த உயிர்களின் பாரம் அதனை அழுத்தியது. அச்சம் குறைந்தபோதிலும் குற்றவுணர்வு எஞ்சியிருந்தது.

2005இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வெளிவந்தது. 2008க்குள் நான்கு பாகங்களாக விரிந்து, உலகெங்கும் பத்துக் கோடிப் படிகளுக்கும் மேல் விற்றது. நாயகன் எட்வர்ட் 1901இல் பிறந்து, 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் சாகக் கிடந்தபோது இரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன். தோற்றத்தில் என்றும் பதினேழு வயது. பெல்லா உண்மையிலேயே பதினேழு வயதுப் பெண். அவளுக்கே தெரியாமல் இரவில் அவள் வீட்டினுள் நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் எட்வர்ட். ஒருநாள் அன்று, ஏறத்தாழ ஒவ்வோர் இரவும். இது தெரியவந்தபோது அவள் அஞ்சி ஒடுங்கவில்லை. உறக்கத்தில் தான் என்ன உளறினோமோ என்று வெட்கப்படுகிறாள். உள்ளூர மகிழவும் செய்கிறாள். கதையும் அவளோடு சேர்ந்து மகிழ்கிறது.

டிராகுலா அழைப்புக்காகக் காத்திருந்தான். எட்வர்டுக்கு அதுவும் தேவைப்படவில்லை. நூறாண்டுப் பயணத்தில் இவ்வகைக் கதை இழந்தது என்ன என்பதை இந்த ஓர் ஒப்பீடே காட்டிவிடுகிறது.

அனுமதி கேட்பது நமக்கு அற்பமான ஒழுங்கு அன்று. பிறர் வீட்டாரிடம் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் சொந்த வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. அந்த ஒழுங்கில் வளரும் ஒரு பிள்ளை, அனுமதியின்றி நுழைபவனைக் காதலின் இலக்கணமாக ஏற்குமானால், நாம் கவலைகொள்ள வேண்டியது அவனுடைய கோரைப்பல்லைப் பற்றி அன்று.

"அவன் மனிதன் அல்லவே!"

மூன்றாம் பாகத்தில், பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைச் சந்திக்கக் கூடாது என்பதற்காக அவளது வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைக்கிறான் எட்வர்ட். பிறகு, அவளைத் தன் வீட்டிலேயே இருத்திவைக்கத் தன் சகோதரிக்குக் கார் ஒன்றைக் கையூட்டாகத் தருகிறான். பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞன் இவ்வாறு செய்தால் அவனை என்னவென்று அழைப்போம்? கதையில் மட்டும் ஏன் அது காவலாகவும் அக்கறையாகவும் தெரிகிறது?

விடை எளிது: அவன் மனிதன் அல்லன். அவன் அளவுகடந்த வலிமை உள்ளவன். அவளோ எளிதில் உடையக்கூடியவள். ஆகவே அவன் கட்டுப்படுத்துவது அவள் நன்மைக்கே என்று கதை வாதிடுகிறது. அமானுஷ்யம் இங்கே ஒரு சலுகைச் சீட்டு. ஒரு மனிதன் செய்தால் குற்றமாகும் செயலை, பல்லும் வேகமும் குளிர்ந்த உடலும் கொடுத்து, அழகாக்கித் தந்துவிடுகிறது.

ஜேக்கப்புக்கும் அதே சீட்டு கிடைக்கிறது. ஓநாயாக மாறும் அவன், இறுதிப் பாகத்தில் பெல்லாவின் அப்போதுதான் பிறந்த பெண் குழந்தையைத் தன் வாழ்நாள் துணையாக 'விதிவசத்தால்' கண்டுகொள்கிறான். அவ்வினத்தின் இயல்பு அது. அவனால் தடுக்க இயலாது என்று சொல்லிக் கதை நகர்ந்துவிடுகிறது.

இங்கேதான் நம் ஏமாற்றத்தின் வேர் இருக்கிறது. மறைவானவற்றை நம்பும் சமூகம் நாம். ஜின்கள் உண்டு என்பது நமக்குக் கற்பனையன்று. ஆனால் நம் நம்பிக்கையில் ஜின்னுக்கும் சலுகைச் சீட்டு இல்லை. ஜின்களையும் மனிதர்களையும் அல்லாஹ் ஒருசேர விளித்துப் பேசுகிறான். அவர்களிலும் நல்லோர் உண்டு, வழிதவறியோர் உண்டு. மறுமையில் இரு சாராரும் விசாரிக்கப்படுவர். நெருப்பால் படைக்கப்பட்டேன் என்ற இப்லீஸின் வாதமே ஏற்கப்படவில்லை! "என் இயல்பு இது" என்பது பொறுப்பிலிருந்து விடுதலை தராது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா? மறைவுலகைப் பற்றி எழுதப் புகுந்த இக்கதைகள், அவ்வுலகின் மிகப் பெரிய செய்தியான பொறுப்பையே வெளியே நிறுத்திவிட்டன.

பொறுப்பு இல்லாத இடத்தில் கதையும் சப்பென்று ஆகிவிடுகிறது. மூன்று பாகங்களாக, மாற்றப்பட்ட புதிதில் இரத்த வேட்கை கட்டுக்கடங்காது என்று நம்மை அச்சுறுத்துகிறார் ஆசிரியர். பெல்லா மாறியதும் அதை எளிதில் அடக்கிவிடுகிறாள். தந்தையைப் பிரிய நேரும் என்கிறார், பிரியவில்லை. இறுதியில் இரு படைகள் பனிவெளியில் எதிரெதிரே நிற்கின்றன; போர் இன்றியே கலைந்து செல்கின்றன. அவள் விரும்பிய அனைத்தும் கிடைக்கின்றன. அதற்காக அவள் இழந்தது என்னவென்று தேடினால் ஏறத்தாழ எதுவுமில்லை. விலை கேட்காத கதையில் நம் நெஞ்சு பதைக்க என்ன இருக்கிறது?

'கண்ணியமான கதை' என்னும் வாதம்

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ட்வைலைட்' ஆபாச நூல் அன்று. திருமணத்திற்குப் பின்னரே உறவு என்பதில் எட்வர்ட் உறுதியாக நிற்கிறான். இதனாலேயே, "இது நம் பிள்ளைகள் படிக்கத் தகுந்ததுதான்" என்று எண்ணும் பெற்றோரும் உண்டு. எவர் கண்ணிலும் படாத தன்னை ஒருவர் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பதின்பருவத்து ஏக்கத்தையும் அந்நூல் உண்மையாகவே தொட்டிருக்கிறது. அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது.

ஆனால் கற்பு ஒன்றே கண்ணியம் ஆகிவிடாது. தொடாமல் இருந்துகொண்டே ஒருவரைச் சிறைப்படுத்த முடியும். இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் பிரிந்து சென்றதும் பெல்லாவின் வாழ்வு நின்றுவிடுகிறது. மாதங்களின் பெயர்களை மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்களால் ஆசிரியர் அதைக் காட்டுகிறார். உத்தி என்ற வகையில் அது நன்று. ஆயினும் பின்னர் அவன் குரல் மனத்தில் ஒலிப்பதற்காகவே அவள் உயிரைப் பணயம் வைக்கிறாள். அதுவும் காதலின் ஆழத்திற்குச் சான்றாகவே வைக்கப்படுகிறது. நம் பெண் மக்கள் மீது இறக்கப்படும் எத்தனை கனத்த சுமை இது!

இந்நூலின் ரசிகர் ஒருவர் எட்வர்ட்–பெல்லாவை வைத்து எழுதிய கதைதான் பெயர்கள் மாற்றப்பட்டு 2011இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்னும் நாவலாயிற்று. அதன் உள்ளடக்கத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் நாயகன் இரத்தக்காட்டேரி அல்லன், பெரும் செல்வந்தன். கோரைப்பல் கழன்றது, பிடி கழலவில்லை. அமானுஷ்யம் தந்த சலுகையைப் பணம் தந்தது.

தமிழுக்கு வந்தபோது

இந்தப் பிடி இன்று தமிழிலும் இறுகியிருக்கிறது. செயலிகளில் 'ஆன்ட்டி ஹீரோ' என்றே ஒரு வகை உண்டு. தொழிலதிபனான நாயகன் நாயகியைக் கடத்துவான், பழிவாங்கவோ பிடிவாதத்தாலோ கட்டாயத் தாலி கட்டுவான், அவமதிப்பான். ஐம்பதாம் அத்தியாயத்தில் அவனது பிள்ளைப் பருவத் துயரம் ஒன்று சொல்லப்படும். அவள் உருகுவாள். கேட்க வேண்டிய மன்னிப்பை அவன் முழுதாகக் கேட்பதற்கு முன்பே அவள் கொடுத்துவிடுவாள். பெயர்களை மட்டும் மாற்றி, தாலியின் இடத்தில் நிகாஹை வைத்து இதே அச்சில் வார்க்கப்பட்டால், அது இஸ்லாமியக் கதை ஆகிவிடாது.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை இங்கே நினைவுகூர்வோம். தம் தந்தை தமக்கு விருப்பமில்லாத ஒருவருக்கு மணமுடித்து வைத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அந்தத் திருமணத்தையே நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ள நிகழ்வு இது. "நாளடைவில் பிடித்துப்போகும்" என்று அவரிடம் சொல்லப்படவில்லை. ஒரு பெண்ணின் "இல்லை" என்ற சொல் அன்றே செல்லுபடியாயிற்று. அதே சொல்லைக் காதலின் முதல் அத்தியாயமாக மாற்றும் கதையை, பொழுதுபோக்கு என்று எப்படிக் கடந்து செல்வது?

நல்ல கதை எப்படி இருக்கும்?

வேட்கையைச் சொல்லாதே என்று நம் மரபு கூறவில்லை. கதைகளில் மிக அழகியது என்று அல்லாஹ்வே அறிமுகப்படுத்தும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வேட்கை இருக்கிறது. தாழிட்ட கதவுகள் இருக்கின்றன. பின்புறம் கிழிந்த சட்டை இருக்கிறது. மறுத்ததற்கு விலையும் இருக்கிறது: யூஸுஃப் (அலை) சிறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆண்டுகள் கழிகின்றன. இறுதியில் அந்தப் பெண்மணி, தவறு தன்னுடையதே என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறார். யாருக்கும் சலுகைச் சீட்டு இல்லை. அதனால்தான் எத்தனை முறை ஓதினாலும் அவ்வரலாறு நம்மை அசைக்கிறது.

இக்கால நாவல்களிலும் வேறு வழி உண்டு. அமெரிக்க முஸ்லிம் எழுத்தாளர் எஸ். ஏ. சக்ரவர்த்தி 2017இல் வெளியிட்ட 'தி சிட்டி ஆஃப் பிராஸ்' பதினெட்டாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் தொடங்குகிறது. நஹ்ரி என்னும் இளம்பெண் அறியாமல் அழைத்துவிட்ட தாரா என்னும் பழம்பெரும் வீரனோடு மறைவுலக நகரம் ஒன்றை நோக்கிப் பயணம் போகிறாள். இருவருக்கும் இடையே ஈர்ப்பும் மலர்கிறது. ஆனால் அவன் கடந்த காலத்தில் ஒரு பெரும் படுகொலை இருக்கிறது. அழகும் வீரமும் அதைக் கழுவிவிட ஆசிரியர் விடவில்லை. அதன் நினைவைச் சுமக்கும் மக்களை அந்நகரிலேயே வைத்திருக்கிறார். நமக்கு உடன்பாடில்லாத பகுதிகள் அந்நூலிலும் உண்டு. எனினும், காதலிக்கப்படுபவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதை அது மறக்கவில்லை.

பெற்றோர்க்கு

நூலைப் பறித்துவிட்டால் அது தலையணைக்கு அடியில் போகும். கைபேசியைப் பறித்தால் தோழியின் கைபேசியில் தொடரும். அதனினும் பயனுள்ளது, பிள்ளையோடு அமர்ந்து நாமும் சில அத்தியாயங்கள் படிப்பது. பின்னர் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதையே நம் தெருவில் ஒருவன் செய்தால் நீ என்ன சொல்வாய்? அவள் "வேண்டாம்" என்றபோது கதை செவிமடுத்ததா? தவறு செய்தவர் அதற்கு என்ன கொடுத்தார்?

இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை எந்த நூலையும் துணிந்து திறக்கலாம், எதையும் ஏமாறாமல் மூடலாம். நாளை தன் வாழ்வில் ஒருவர் அன்பின் பெயரால் கதவைத் தட்டாமல் நுழைய முற்படும்போதும் அதே கேள்விகள் அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.