விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்?

மட்டாஞ்சேரி ஜூ டவுனிலும் கோட்டைக் கொச்சிச் சந்துகளிலும் முதுகில் பை சுமந்து திரிகிற வெளிநாட்டாரை நாம் தினமும் பார்க்கிறோம். 2012 டிசம்பரில் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கிய பிறகு இந்தக் கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. இவர்களில் பலர் ஓட்டலுக்குப் போவதில்லை, ஊர்க்காரர் வீட்டில் தங்குகிறார்கள். "எனக்கு இன்ன ஊர், இன்ன தொழில். உங்கள் ஊரையும் உங்கள் சாப்பாட்டையும் பேச்சையும் தெரிந்துகொள்ள ஆசை" என்று நாலு வரி முன்கூட்டியே எழுதி அனுப்புகிறார்கள். கதவு திறக்கிறது. கட்டிலும் காலைப் பலகாரமும் கிடைக்கின்றன.

அதே கொச்சிக்கு, திண்டுக்கல் பக்கத்திலிருந்தோ தென்காசிப் பக்கத்திலிருந்தோ ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறது. அதுவும் நாலு வரி சொல்கிறது: "அண்ணே, ஊரில் மழை இல்லை. என்ன வேலையானாலும் செய்வோம். இரண்டு பிள்ளைகள். தங்க ஒரு இடம் வேண்டும்." இந்த நாலு வரிக்கு எத்தனை கதவு திறக்கிறது, தோழர்களே?

பொறாமையால் இதைக் கேட்கவில்லை. வருகிறவரை வரவேற்பது நல்ல வழக்கம். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. பழந்தமிழில் விருந்து என்றாலே புதுமை, புதிதாக வந்தவர் என்றுதான் பொருள். அந்தப் பயணிகளின் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதற்காகவே எழுதுகிறேன்.

அந்த முறை எப்படிப் பிறந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்த நாலாம் வருஷம், 1949இல், டென்மார்க் நாட்டில் பாப் லூயிட்வீலர் என்ற அமெரிக்கரும் அவருடைய நண்பர்களும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டான் இன்னொரு நாட்டான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் நாளை அவன் மேல் குண்டு போடத் துணியமாட்டான் என்பது அவர்கள் எண்ணம். அந்த இயக்கம் பின்னால் 'சர்வாஸ்' என்று பெயர் பெற்றது. அதன் விதிகள் எளிமையானவை. பயணம் போக விரும்புகிறவரை இயக்கத்தார் நேரில் பேசி விசாரிப்பார்கள். பிறகு கையில் ஓர் அறிமுகக் கடிதம் கொடுப்பார்கள். வீட்டில் இடம் தருகிறவரையும் விசாரித்தே பட்டியலில் சேர்ப்பார்கள். தங்குவது வழக்கமாக இரண்டு ராத்திரி. பணம் கைமாறக் கூடாது. வசதிப்படாத வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லலாம்.

2004இல் 'கவுச்சர்ஃபிங்' என்பது இதே காரியத்தை இன்டர்நெட்டில் செய்யத் தொடங்கி, 2020இல் சந்தா வாங்க ஆரம்பித்தது. நம் ஊரில் பெருகியிருக்கும் 'ஹோம்ஸ்டே' வாடகைக்கு நடப்பது. அதற்கும் கேரள அரசின் சுற்றுலாத் துறை தரச் சான்று கொடுக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆக, முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடுவதற்குச் சட்டமும் ஒழுங்கும் உலகத்தில் உண்டு. அதை முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நம் கதைக்கு வருவோம். மட்டாஞ்சேரியே வந்தவர்களால் ஆன ஊர். 1568இல் கட்டிய யூதர் கோயிலுக்குப் 'பரதேசி' கோயில் என்று பெயர். வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள். கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். நம் தமிழிலோ அதே சொல் வசைச் சொல்லாகிவிட்டது. கொங்கணியர் வந்தார்கள், குஜராத்தியர் வந்தார்கள், கட்ச் மேமன்கள் வந்தார்கள். நம்மவர்களும் வந்தார்கள். வெளி மைதானத்துப் பக்கம் தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே இருக்கின்றன. இன்று அந்தத் துவைகல்லுக்கு முன்னால் பயணிகள் கேமராவோடு நிற்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் துவைக்கிறவரின் பெயரைக் கேட்கிறார்கள்?

கேரள அரசு நமக்கு இப்போது 'அதிதி தொழிலாளி' என்று பெயர் வைத்திருக்கிறது, அதாவது விருந்தாளித் தொழிலாளி. பழைய பெயர்களைவிட இது மரியாதையான பெயர்தான். செயலும் இல்லாமல் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்கு நல நிதித் திட்டத்தை 2010இலேயே கொண்டுவந்தது இந்த மாநிலம். 2019இல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் 640 பேர் தங்கும் 'அப்னா கர்' விடுதியைத் திறந்தது. இதையெல்லாம் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். விருந்தாளி வாடகை கொடுப்பதில்லை, நாம் கொடுக்கிறோம். விருந்தாளி உழைப்பதில்லை, நாம் உழைக்கிறோம். விருந்தாளி நாலு நாளில் ஊர் திரும்புவார். நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் நிலைக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையோடு வந்தவன் எத்தனை காலம் விருந்தாளியாகவே இருப்பான்? என்றைக்கு வீட்டுக்காரன் ஆவான்?

வீட்டுக்காரன் என்ற பெயரை யாரும் நமக்குத் தர மாட்டார்கள். இன்னொருவருக்குக் கதவு திறக்கிறவனே வீட்டுக்காரன். நான் சொல்ல வந்தது இதுதான்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் நான். எர்ணாகுளம் ஜங்ஷனில் வந்து இறங்குகிற நம் ஜனங்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு ராத்திரிதான் ஆபத்து. படுக்க இடமில்லாதவர், இடம் காட்டுகிற ஏஜெண்டு பின்னால் போகிறார். ஏஜெண்டு பாய் கொடுப்பார், சோறு கொடுப்பார், கையில் அட்வான்ஸும் கொடுப்பார். அதை அடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கூலி என்ன என்று கேட்கவும் வாய் வராது. இரண்டு ராத்திரி தங்க ஒரு வீடும், ஊர் நிலவரம் சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால், அவர் நாலு இடம் விசாரித்து, கூலி பேசி வேலைக்குப் போவார்.

ஆகவே நம் சங்கம் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். இரண்டு ராத்திரி இடம் தர முடிந்த குடும்பங்களின் பட்டியல் அது. வருகிறவரைச் சங்கத்தார் விசாரித்து, ஆதார் அட்டையைப் பார்த்து, நோட்டில் பதிந்து, அறிமுகக் கடிதம் கொடுக்க வேண்டும். சாதி கேட்கக் கூடாது. பணம் வாங்கக் கூடாது. பெண்கள் தனியாக வந்தால், பெண்கள் இருக்கும் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். வீட்டுப் பெண்களின் சம்மதம் இல்லாமல் எந்த வீட்டையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஏனென்றால் கூடுதலாக உலை வைக்கப் போவது அவர்கள்தான்.

"ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிறோம், யாரை எங்கே படுக்க வைப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இடமில்லாத வீடு ஒரு வேளைச் சோறு போடட்டும், அல்லது ஒரு மணி நேரம் வந்து ஊர் நிலவரம் சொல்லட்டும். "வாடகை வீட்டின் சொந்தக்காரர் விடமாட்டார்" என்பீர்கள். சங்கத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே போய்ப் பேசுவோம். மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவோம். "திருடன் வந்துவிட்டால்?" என்பீர்கள். அந்தப் பயம் வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு. அதனால்தான் அவர்கள் விசாரணையும் கடிதமும் வைத்தார்கள்.

பட்டியல் தமிழருக்கு மட்டும் என்று எழுதி வைக்கவும் வேண்டாம். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறவன் நம் கூலியைக் கெடுக்க வருகிறான் என்று சிலர் பேசுகிறார்கள். நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். முதல் ராத்திரி நம் வீட்டில் தங்கியவன், நாளை கூலி உயர்வு கேட்கும்போது நம் பக்கத்தில் நிற்பான்.

கேமராவோடு வருகிற பயணியையும் துரத்த வேண்டாம். முதலில் நம் பெயரைச் சொல்லுவோம், நம் ஊரைச் சொல்லுவோம், எத்தனை தலைமுறையாக இங்கே உழைக்கிறோம் என்று சொல்லுவோம். பிறகு படம் எடுக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் குடும்பங்கள் இதை வீட்டில் பேசி முடிவு செய்து வாருங்கள். பத்து வீடுகள் பெயர் கொடுத்தால் போதும், பட்டியலைத் தொடங்கிவிடலாம்.