அப்பத்தா கண்ணுக்கு பஸ் வந்துச்சு... இடுப்பு எலும்புக்கு?

காலையில ஆபீஸ் கிளம்புற நேரம். ஊர்ல இருந்து போன். "அப்பத்தா கொல்லையில வழுக்கி விழுந்துருச்சுப்பா. காலை ஊன முடியல. புத்தூர் கட்டு போட்டுடலாம்னு சித்தப்பா சொல்றாரு."

நீங்க என்ன பதில் சொல்வீங்க?

இதே மாதிரி சென்னை ஃப்ளாட் ஒன்றில் ஒரு பாட்டி விழுந்தால், பெரும்பாலும் அன்னிக்கே எக்ஸ்ரே, ஓரிரு நாளில் ஆபரேஷன், அப்புறம் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். அதே வயசு, அதே எலும்பு. ஊர்ல இருக்கிற அப்பத்தா மட்டும் ஏன் கட்டிலோட முடங்கிடுறாங்க?

"கிராமத்துல ஆபரேஷன்னாலே பயம்"னு ஈஸியா சொல்லிடுவோம். ஆனா, அதே அப்பத்தா கண் புரை ஆபரேஷன் முடிச்சு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு கேம்ப் பஸ்ல வந்து இறங்கினவங்கதானே? அப்போ மட்டும் பயம் எங்கே போச்சு?

1976-ல் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆபரேஷன் இலவசம்னு சொன்னா மட்டும் ஜனங்க வரமாட்டாங்க என்பது சீக்கிரமே புரிந்தது. பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, கூட வர்றவரோட ஒருநாள் கூலி எல்லாம் யார் கொடுப்பாங்க? அதனால முகாம் ஊருக்கே போனது. புரை இருக்கிறவங்களை பஸ்ஸில் ஏற்றி, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வேலை முடிஞ்சதுன்னு இல்லை. 2015-19 தேசியக் கணக்கெடுப்பில்கூட, 50 வயசு தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவிகிதத்துக்குக் காரணம் சிகிச்சை செய்யாத புரைதான். ஆனாலும் வழி என்னன்னு நமக்குத் தெரியும்.

இடுப்பு எலும்புக்கு இந்த வழி சரிப்படாது. புரை அடுத்த மாச முகாம் வரைக்கும் காத்திருக்கும். உடைஞ்ச இடுப்பு காத்திருக்காது. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வதுதான் நல்லது என்கிறது மருத்துவம். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். எலும்பைவிட இவைதான் உயிரை எடுக்கும். ஆபரேஷனுக்கு எலும்பு டாக்டர் மட்டும் போதாது. மயக்க மருந்து டாக்டர், ரத்தம், இதயத்தையும் சுகரையும் பார்க்க ஒரு டாக்டர் என எல்லாரும் ஒரே இடத்தில் வேண்டும். கிராமத்திலிருந்து கிளம்பினால் அந்த இடம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகர்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தூரமும் காசும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

குறையாதது ஒண்ணு இருக்கு... அட்டெண்டர்! மகன் திருப்பூர்ல, பேரன் சென்னையில. பத்து நாள் ஆஸ்பத்திரியில யார் கூட இருக்கிறது? எந்தக் காப்பீட்டு அட்டையிலும் இதுக்கு இடமில்லை. "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?"ன்னு கேட்பதற்குப் பின்னாடி பல வீடுகளில் இந்தக் கணக்குதான் ஓடுது. நியாயமான கவலைதான். ஆனா, 80 வயசு என்பது மட்டுமே ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லக் காரணம் ஆகாது.

(நகரத்தில் செய்யும் ஆபரேஷன் எல்லாமே தேவையானதுன்னும் நான் சொல்லல. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அவசரமே இல்லை. இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணலாம்.)

சரி, அந்த போன் காலுக்கு வருவோம். முதல்ல, காலை இழுத்துப் பிடிச்சு கட்டுப் போட வேண்டாம்னு சொல்லுங்க. 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்க. பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் நடக்குதுன்னு 104-ல் நீங்களே கேட்கலாம். காப்பீட்டு அட்டையும் ஆதாரும் எந்த டப்பாவில் இருக்குன்னு கேளுங்க. அப்புறம் மேனேஜருக்கு லீவ் மெசேஜ் போட்டுட்டு, ராத்திரி பஸ்ல டிக்கெட் இருக்கான்னு பாருங்க.