சந்திரனுக்கு யார் போகவேண்டும்?

ஸ்ரீரங்கம் கோவிலில் சந்திர புஷ்கரணி என்றொரு குளம் இருக்கிறது. சந்திரன் தன் சாபம் தீர அதிலே வந்து குளித்தான் என்பது தலபுராணம். அதை நம்பும் திருச்சி, ஸ்ரீரங்கம் தோழர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: 2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியதே, அங்கே கண்டது சாபமா, கந்தகமா?

கந்தகத்தைக் கண்டது ரிஷியுமல்ல, மனிதனுமல்ல. 26 கிலோ எடையுள்ள 'பிரக்யான்' என்னும் யந்திரம். செலவு சுமார் 615 கோடி ரூபாய். திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். தபசு செய்து வரம் பெற்றவரல்ல, படித்தவர். சந்திரனில் இரவு வந்ததும் குளிரில் யந்திரம் அடங்கியது, பிறகு எழவில்லை. அதற்காகத் தாலியறுத்தவள் யாருமில்லை.

நிற்க, இப்போது மனிதனையே வானத்துக்கு அனுப்ப ககன்யான் திட்டம் நடக்கிறது. விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து இதற்கு 2024-ல் சர்க்கார் ஒதுக்கிய மொத்தத் தொகை 20,193 கோடி ரூபாய். இதனால் பிரயோஜனம் என்ன என்று கேட்பது தேசத்துரோகமாகாது. கடவுளையே கேள்வி கேட்கச் சொல்லும் நாம் ராக்கெட்டை மட்டும் கேட்காமல் விடலாமா?

மனிதன் போனதில் லாபமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1969 முதல் 1972 வரை ஆறு தடவை சந்திரனில் இறங்கிய அமெரிக்கர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தார்கள். ருஷ்ய யந்திரங்கள் மூன்று தடவை போய்க் கொண்டு வந்தது சுமார் 300 கிராம்தான். ஆனால் 1986-ல் ஏழு பேரும், 2003-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் விண்கலத்தோடு மாண்டார்கள் என்பதையும் அதே கணக்கில் எழுதவேண்டும். ஆகையால் நமது அபிப்பிராயம் இதுதான்: யந்திரத்தால் ஆகும் வேலைக்கு மனித உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. மனிதனுடைய கண்ணும் கையும் இல்லாமல் ஆகாத வேலைக்கு, தெரிந்து சம்மதித்தவன் போகட்டும். வெறும் பெருமைக்காக என்றால் அது திருவிழாச் செலவே.

ககன்யானில் மனிதனுக்கு முன்னால் அனுப்பிப் பார்க்க 'வியோமித்ரா' என்றொரு பொம்மை யந்திரம் செய்து 2020-ல் காட்டினார்கள். மெத்த சரி, முதலில் யந்திரம், பிறகு மனிதன். பாதாளச் சாக்கடையில் மட்டும் இந்த நியாயம் எங்கே போயிற்று? 1993-லும் 2013-லும் சட்டம் செய்தும், குழியில் இறங்கியவர்கள் விஷவாயுவில் சாவது இந்நாட்டில் நிற்கவில்லை. அந்த வேலைக்கும் கேரளத்து வாலிபர்கள் யந்திரம் செய்து 2018-ல் திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டியாய்விட்டது. அப்படியிருந்தும் ஆளையே இறக்குவானேன்? இறங்குகிறவன் இன்ன ஜாதிக்காரன் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

வானத்துக்குப் போகிறவன் உயிருக்கு ஒரு விலை, சாக்கடைக்குள் போகிறவன் உயிருக்கு ஒரு விலை என்றால் அது விஞ்ஞானமல்ல, மநுதர்மம். திருச்சியிலாகட்டும், வேறெங்காகட்டும், உங்கள் ஊரில் குழி மூடியைத் திறந்து ஆளை இறக்கக் கண்டால், "யந்திரம் எங்கே?" என்று அங்கேயே நின்று கேளுங்கள்.