தாங்குதலும் ஒரு கலையோ?

சென்ற பருவத்தின் ஓர் இரவில், எம் விடுதித் தாழ்வாரத்திலே அமர்ந்து பாடங்களைக் காட்டிலும் பிறவற்றையே மிகுதியாகப் பேசிக்கொண்டிருந்த நண்பர்களிடையே, பொருளாதாரம் பயிலும் ஒருவர் ஒரு செய்தியை வெளியிட்டார். "ஒருவர் நியூயார்க் நகரத்துக் காட்சிச்சாலை ஒன்றனுள் ஒன்பது நாள் இரவும் பகலும் தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, உடை மாற்றிப் படமும் வரைந்தாராம், அதற்குக் கலை என்று பெயராம்! அங்ஙனமாயின் இவ்விடுதியில் மூன்றாண்டு உண்டும் உறங்கியும் கழிக்கும் நாம் அனைவரும் பெருங்கலைஞர்களே அல்லமோ?" என்றார். அனைவரும் நகைத்தனர், யாமும் நகைத்தோம். அந்நகைப்பை ஓரளவு திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

நண்பர் குறித்த கலைஞர் நிகில் சோப்ரா என்பவர். 1974-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவிலும், பின்னர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். கோவாவில் வாழ்ந்து வருபவர். இவருடைய பாட்டனார் யோகராஜ் சோப்ரா நிலக்காட்சிகளை வரையும் ஓவியர். அப்பாட்டனாரின் நிழலாக 'யோகராஜ் சித்திரகார்' என்னும் ஒரு பாத்திரத்தைப் பேரர் படைத்துக்கொண்டார். பழங்காலத்துக் கனவானின் உடையணிந்து, பெரும்பாலும் வாய் திறவாமல், ஓரிடத்திற் பல மணிநேரம், சில வேளை பல நாள் தங்கி, தம்மைச் சூழ்ந்த நிலத்தைப் பெருந்துணிகளில் வரைவதே அப்பாத்திரத்தின் தொழில். உண்பது, குளிப்பது, முகம் மழிப்பது, உறங்குவது எல்லாம் காண்போர் முன்னிலையிலேயே நிகழும். வரைந்து முடித்தபின் அவர் வந்த கோலத்தில் வெளியேறுவதில்லை. மீசையும் உடையும் மாறி வேறொருவராகப் புறப்பட்டுவிடுவார்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் அவர் தங்கியது 2019 செப்டம்பர் 12 முதல் 20 வரை. ஆனால் எம்மை நகைப்பினின்று மீட்டது அதுவன்று; 2013-இல் மான்செஸ்டர் நகரத்தில் 65 மணிநேரம் அவர் நிகழ்த்தியதேயாம். 'பருத்தியின்மேற் கரி' என்பது அதன் பெயர்ப்பொருள். நிலக்கரியைக் கையிலெடுத்துப் பருத்தித் துணிமேல் வரைந்தார். கரி அந்நகரத்து ஆலைகளை ஓட்டியது; பருத்தியோ நம் நாட்டிலிருந்தும் கப்பலேறிச் சென்று, அங்கே நெய்யப்பெற்று, நம் கைத்தறிகளைத் தின்ற துணியாய் மீண்டது. இவ்வரலாற்றை ஒரு பக்கக் கட்டுரையிற் கூறிவிடலாகாதோ எனின், கூறலாம், பலர் கூறியுமிருக்கின்றனர், தேர்வுக்காக யாமும் மனனம் செய்திருக்கின்றோம். ஆயினும் ஒரு மனிதன் மூன்று பகல் அக்கரியைத் தன் விரலிலும் முகத்திலும் பூசிக்கொண்டு அத்துணியைக் கருமையாக்குகிறான் என்று கேட்டபொழுது, ஆலையில் நாளெல்லாம் நின்ற மக்களின் நேரம் எத்தகையது என்பது முதன்முறையாக எமக்கு உறைத்தது.

ஈண்டு ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாம் சோப்ராவின் நிகழ்ச்சி எதனையும் நேரிற் கண்டிலேம். நிழற்படங்களில் மட்டுமே கண்டுளோம். அறுபத்தைந்து மணிநேரத்தை ஆறு படங்களிற் கண்டு தீர்ப்புரைப்பது, விருந்தின் வாசனையை நுகர்ந்து பசியாறினேன் என்பதை ஒக்கும். ஆதலின் எம் கண்ணாற் கண்ட ஒன்றையும், எம் தந்தையார் கண்ட ஒன்றையும் துணையாகக் கொள்கின்றோம்.

முதலில் தந்தையார் கண்டது. 1980-களின் தொடக்கத்தில் பெருங்களத்தூர்ப் பக்கம், இந்நாளில் அடுக்குமாடி வீடுகள் நிற்கும் ஒரு திடலில், சைக்கிள் வித்தைக்காரர் ஒருவர் வந்து கூடாரமடித்தார். நடுவே ஒரு மூங்கிற் கம்பம், அதில் ஓர் ஒலிபெருக்கி, சுற்றிலும் குழல்விளக்குகள். ஏழு நாள் காலைத் தரையில் ஊன்றாமல் அக்கம்பத்தைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவதாக அறிவிப்பு. நம் மாவட்டத்து ஊர்களில் அக்காலத்தில் இது புதுமையன்று. வண்டியிலிருந்தபடியே குளிப்பார், தலை வாருவார், ஊரார் நீட்டும் சோற்றை உண்பார். மாலையிற் பாட்டும் ஆட்டமும் நிகழும்; கண்டு மகிழ்ந்தோர் ரூபாய்த் தாள்களை அவர் சட்டையிற் குத்துவர். கடைநாளில் மண்ணுக்குள் புதையுண்டு மீளுதலும் உண்டு.

பத்து வயதுச் சிறுவராயிருந்த தந்தையார்க்கு ஓர் ஐயம் எழுந்தது. ஊர் உறங்கியபின் இவர் இறங்கி உறங்குவார் என்பதே அது. கையும் மெய்யுமாகப் பிடிக்கவேண்டும் என்று நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தம் மாமாவை எழுப்பிக்கொண்டு திடலுக்குச் சென்றாராம். விளக்குகளுள் ஒன்றே எரிந்துகொண்டிருந்தது. வேர்க்கடலை விற்கும் கிழவி கூடையருகே உறங்கிப்போயிருந்தாள். காண்பார் ஒருவருமில்லை. அவரோ சுற்றிக்கொண்டிருந்தார்; தலை மார்பிற் கவிழ்ந்திருக்க, கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்ததாம். சிறுவனைக் கண்டு ஒரு கையைத் தூக்கினார். தந்தையார் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். இதனைக் கூறும்போதெல்லாம் அவர் குரல் தாழ்வதை யாம் கவனித்துள்ளோம்.

அவரைக் கலைஞர் என்று எவரேனும் அழைத்தனரோ? இல்லை. 'சைக்கிள்காரன்' என்றனர், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறான் என்றனர். காட்சிச்சாலையில் தங்கும் கலைஞர்க்கும் ஊதியம் உண்டு, காவலர் உண்டு, நிகழ்ச்சியைப் படமெடுத்துப் பாதுகாப்பார் உண்டு. திடலிற் சுற்றியவர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. காசு பெறுவதால் கலை கெடுமாயின் இருவர்க்குமே கெடுதல் வேண்டும்.

ஆயின், நெடுநேரம் தாங்குவதெல்லாம் கலையாகுமோ? ஆகாது என்பதே எம் துணிபு. சாதனைப் புத்தகத்தில் ஏறுவதற்காக ஆயிரம் பேர் கூடிப் பல மணிநேரம் ஆடுவது கலையன்று, கணக்கு. தேர்வுக்கு முந்திய இரவு எம் அறைத்தோழர் விடியுமளவும் விழித்திருத்தலும் கலையன்று. அதன் பயனை மதிப்பெண் பட்டியலிற் கண்டோம். செய்யப்படும் செயல் அந்நேரத்தையின்றிப் பிறத்தல் இயலாது என்னும்போதே தாங்குதல் கலையாகிறது.

இனி யாம் கண்டது. சென்ற கோடையில் செய்யாற்றுப் பக்கத்து நண்பர் ஒருவர் அழைக்க, அவரூர்த் திரௌபதியம்மன் விழாவிற்குச் சென்றோம். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த எமக்கு அது முதற்காட்சி. பாரதக் கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கியது. மரத்தாலான கிரீடமும் புசக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூண்டு, ஒப்பனை வியர்வையில் வழிய, ஒரே நடிகர் மணிக்கணக்கில் ஆடியும் பாடியும் நின்றார். நள்ளிரவுக்குப் பின் யாம் இருமுறை உறங்கி விழித்தோம். அவர் குரல் இறங்கவில்லை. அன்று அருச்சுனன் தபசு. உயர்ந்த தபசு மரத்தின் படிகளில் அவர் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு ஏறியபோது, கீழே பிள்ளைப்பேறு வேண்டும் பெண்டிர் சேலைத்தலைப்பை ஏந்தி நின்றனர். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்தது. அக்கதையைப் படித்தவர் யாம். ஆனால் எமக்கும் கால் கடுத்து, கண் எரிந்து, தோள் சோர்ந்திருந்த அவ்வேளையிலன்றித் தவம் என்னும் சொல்லின் பொருள் எமக்கு விளங்கியிராது. அதே காட்சியைப் பகலிற் பத்து நிமிடத்தில் மேடையிற் காட்டின் ஒருவர் ஏணி ஏறினார் என்பதே எஞ்சும். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் இக்கூத்தைக் கற்றுணர்ந்த ந. முத்துசாமி அவர்கள் 1977-இல் சென்னையிற் கூத்துப்பட்டறையை நிறுவியதன் காரணம் எமக்கு அன்றே புலனாயிற்று.

தமிழ் பயிலும் மாணவர் இங்கே கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை எடுத்துக்காட்டாதிருப்பது அரிது. சிரியாவில் தூணின்மேல் முப்பத்தாறாண்டுக்கு மேல் வாழ்ந்த தூய சிமியோனும் நினைவுக்கு வருகிறார். ஆயினும் அவர்கள் காண்பாரை வேண்டியிருந்தவரல்லர். சோழன் பிசிராந்தையார் ஒருவர்க்கே இடம் ஒதுக்கினான். அவற்றைக் கலையென்று பெயரிட்டுச் சிறுமைப்படுத்த யாம் ஒருப்படோம்.

நிற்க. தைவானில் 1950-இற் பிறந்து, 1974-இல் கப்பலினின்றும் இறங்கி உரிமைச்சீட்டின்றி அமெரிக்காவில் வாழ்ந்த தெஹ்சிங் சியே என்பார் 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக் காலம் செய்ததையும் கூறவேண்டும். தொழிற்சாலைகளில் உள்ள நேரப்பதிவுப் பொறியைத் தம் அறையில் மாட்டி, இரவும் பகலும் மணிக்கொருமுறை அதில் அட்டையைச் செருகி முத்திரையிட்டார். 8,760 மணிகளில் அவர் தவறியவை 133. அவற்றுட் பெரும்பாலானவை உறக்கத்தால் தவறியவை. அப்பதிவால் விளைந்த பொருள் ஒன்றுமில்லை. தேய்ந்த ஓராண்டே விளைவு. எம் கல்லூரிக்கு அணித்தாகத் தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் உள்ள ஏற்றுமதி மண்டலத்தின் வாயிலில், இரவு முறை முடித்துப் பெண்டிர் கூட்டமாக வெளிவரும் விடியற்பொழுதில் யாம் மின்தொடர்வண்டிக்குச் செல்வதுண்டு. சியேயின் ஆண்டு அவ்வேளைகளில் எம்முடன் நடந்து வருகிறது. அவர் கலைஞர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அப்பெண்டிரைக் கலைஞர் என்பது அவர்களை ஏளனம் செய்வதாகும். ஆயினும் அவரைக் கண்டபின் இவர்களைக் காணாததுபோற் கடந்து செல்வது எம்மால் இயலவில்லை. காட்சிச்சாலைக் கலைஞர்பால் எமக்குள்ள நன்றி பெரும்பாலும் இதுவேயாம்.

அவர்பால் ஒரு குறையும் உண்டு. சோப்ராவின் கனவான் வேடம் பார்க்கப் பார்க்கச் சலிப்பதற்கிடமுண்டு. வெள்ளையர் காலத்து உடையை எள்ளுதற்கு அணிகிறாரோ, விரும்பி அணிகிறாரோ என்பது படங்களிற் புலனாகவில்லை. அவர் தனியராய் ஒளிரவில்லை என்பதையும் கூறல் முறை. 2025 திசம்பர் 12-இல் தொடங்கிய ஆறாம் கொச்சி-முசிறிக் கலைவிழாவைத் தொகுக்கும் பொறுப்பு அவர்க்கும், கோவாவிலுள்ள அவர்தம் கலைக்குழுவினர்க்கும் அளிக்கப்பெற்றது. பிறர்க்கு மேடை தரும் நிலை அது.

எம் நண்பர் இன்னும் முற்றும் இணங்கினாரல்லர். காட்சிச்சாலைக் கதையைக் கேட்டால் நகைக்கிறார். சைக்கிள் கதையை மட்டும், எம் தந்தையார் விடுதிக்கு வரும்போதெல்லாம், மறுபடியும் சொல்லுமாறு கேட்கிறார். சென்ற முறை, "அவர் பெயரென்ன, ஐயா?" என்று வினவினார். தந்தையார் நெடுநேரம் எண்ணிப் பார்த்தும் சொல்ல இயலவில்லை. ஒலிபெருக்கியில் நாடோறும் அறிவித்தார்களாம், மறந்துவிட்டதாம். சோப்ராவின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நாளும் மணியும் ஏட்டில் உள. பெருங்களத்தூர், சேலையூர், பல்லாவரம், வண்டலூர்ப் பக்கங்களில் அவ்வாண்டுகளில் வாழ்ந்த பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர் என அறிவோம். அத்திடல்களிற் சைக்கிள் ஓட்டியவர்களுள் ஒருவர் பெயரையேனும், அவர் வந்த ஆண்டையேனும் நினைவில் வைத்திருப்போர், இம்மலரின் தமிழ்ப் பகுதி ஆசிரியர்க்கு எழுதியுதவுமாறு வேண்டுகின்றோம்.