களத்தின்மேல் ஓடிய தேர்கள் – ஒரு விண்ணப்பத்தை முன்வைத்து

விழுப்புரம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவதற்கென்று எங்கள் பயணக் குழுவினர் எழுதிவைத்திருக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட நாங்கள் நால்வர் மறுத்துவிட்டோம். ஏன் என்று கேட்ட நண்பர்களுக்குத் தேநீர்க் கடையில் நின்றபடி சொன்ன விடை போதவில்லை. குரல்கள் உயர்ந்தன. 'உங்களுக்கு மனிதரைவிட நெல் பெரிதா?' என்றுகூட ஒருவர் கேட்டார். ஆகவே எழுத வேண்டியதாயிற்று.

ஊர்ப்புறச் சாலைகளில் தானியம் கொட்டி 'ஆக்கிரமிப்போர்' மீது குற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம். பொதுவழியில் தடை ஏற்படுத்துவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவையும் பிழையின்றிக் குறித்திருக்கிறார்கள். வரைந்தவர் வங்கிப் பணியாளர். வாசகங்கள் கச்சிதமாகத்தான் இருக்கின்றன. எங்கள் வழக்கு வாசகத்தோடு அன்று.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். நாங்கள் ஒன்பது பேர், ஒன்பது மோட்டார் சைக்கிள்கள். இரண்டு மாதத்திற்கொருமுறை ஞாயிற்றுக்கிழமையில் கல்வெட்டு, குடைவரை, பழங்கோயில் என்று ஏதேனும் ஒரு திசை நோக்கிப் புறப்படுவது வழக்கம். சென்ற தை மாதத்துப் பயணம் செஞ்சிப் பக்கம் அமைந்தது. விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பித் திண்டிவனம் வழியே செஞ்சியை அடைவது; திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டையும் காண்பது; தளவானூர், மண்டகப்பட்டுக் குடைவரைகளைப் பார்ப்பது; பனைமலையில் இராசசிம்மன் எடுத்த கோயிலில் எஞ்சியிருக்கும் ஓவியத்தை வெளிச்சம் போகுமுன் பார்த்துவிட்டுத் திரும்புவது. போகவர 350 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரே பகலில்! இந்தத் திட்டத்தை வகுத்தவர்களில் நாங்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

திருநாதர்குன்றிலேயே ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டது. (அந்த எழுத்துகளின் முன் நின்ற எவரும் கைக்கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.) மண்டகப்பட்டை விட்டுக் கிளம்புகையில் மணி இரண்டரை. பனைமலை நோக்கிச் செல்லும் கிராமச் சாலையில் வண்டிகள் வேகமெடுத்தன. ஓர் ஊரின் எல்லையில் சாலையின் இடப்பாதியை நூறு மீட்டர் நீளத்துக்கு நெல் மூடியிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கற்கள். முன்சென்ற ஆறு வண்டிகளும் வலப்பக்கம் ஒதுங்கிக் கடந்துவிட்டன. ஏழாவதாக வந்த நண்பர் ஒதுங்க முற்பட்ட கணத்தில் எதிரே பால்வண்டி வந்தது. அவர் இடப்பக்கம் திரும்பி நெல்லின்மேல் ஏறி, முன்சக்கரத் தடையை அழுத்தினார். உருளும் மணிகளின்மேல் தடையை அழுத்தினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இடத்தோளில் காறை எலும்பு முறிந்தது.

முதலில் ஓடிவந்தவர் நெல்லுக்குரிய பெரியவர். துண்டை நனைத்து நண்பரின் முகத்தில் வைத்தார். 'நெல்லு கெடக்குது, புள்ளையை மொதல்ல தூக்குங்க தம்பி' என்பதே அவர் எங்களிடம் சொன்ன முதற்சொல். மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற சரக்கு வண்டியும் அவர் ஏற்பாடுதான். கவிழ்ந்த வண்டியிலிருந்து பெட்ரோல் ஒழுகி நெல்லில் பரவிக்கொண்டிருந்ததை அப்போது எவரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருப்பார், வாய்திறக்கவில்லை.

இந்தப் பெரியவரைத்தான் நம் விண்ணப்பம் 'ஆக்கிரமிப்பாளர்' என்கிறது.

விபத்துக்குக் காரணம் நெல்லா என்பதை முதலில் பார்ப்போம். குழுவாகச் செல்வோர் அறிந்தும் பேசாத ஒன்று உண்டு. முன்செல்பவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். வளைவில் குறைப்பார், கடந்ததும் கூட்டுவார். இரண்டாமவர் அந்த இடைவெளியை நிரப்பச் சற்று விரைய வேண்டும். மூன்றாமவர் இன்னும் சற்று. ஏழாமவரும் எட்டாமவரும் 80ஐத் தொட்டால்தான் வரிசையில் நிற்க முடியும். அதுமட்டுமன்று. பின்வருபவர் சாலையைப் பார்ப்பதில்லை. முன்னிருப்பவரின் முதுகைப் பார்க்கிறார். தனியே வந்திருந்தால் இருநூறு மீட்டருக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும் நெல், குழுவில் வந்த காரணத்தால் இருபது மீட்டரில் பட்டது. அன்றைக்கு முன்வண்டி எங்கள் நால்வரில் ஒருவருடையது. 'வெளிச்சம் போய்விடும், ஓவியம் தெரியாது' என்று விரைவுபடுத்தியவரும் அவரே. இதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அடுத்து, விண்ணப்பத்தில் வரும் மற்றொரு சொல்: 'காலியான ஊர்ப்புறச் சாலைகள்'. யாருக்குக் காலி? கார் இல்லை, லாரி இல்லை, சிக்னல் இல்லை என்பதால் அது காலியாகிவிடுமா? ஆடு ஓட்டிச் செல்பவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், வைக்கோல் கட்டுபவர், நெல் துழாவும் பெண்கள், இத்தனை பேரும் அந்தச் சாலையில் இருந்தார்கள். எங்கள் பார்வையில் அவர்கள் 'இயற்கைக் காட்சி'. படம்கூட எடுத்துக்கொண்டோம். காட்சியாக இருந்தவரை அழகாயிருந்த நெல், சக்கரத்தின் கீழ் வந்ததும் குற்றமாகிவிட்டது.

அவர்கள் ஏன் சாலைக்கு வந்தார்கள் என்று கேட்காமல் வழக்குப் போடச் சொல்வது படித்தவர்க்கு அழகன்று. அரிவாளால் அறுத்துக் கட்டுக்கட்டாகக் களத்தில் சேர்த்து அடித்த காலத்தில் தாளோடு கிடந்தே கதிர் பாதி உலர்ந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே மணியை உதிர்த்து ஈரத்தோடு கொட்டிவிட்டுப் போகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் எடுக்கக் கூடாது என்பது பொது விதி; மழை கெடுத்த பருவங்களில் அரசு தளர்த்தினால் உண்டு. இருபதுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை இரண்டு மூன்று நாளில் பதினேழுக்குக் கொண்டுவர வெயிலும் சூடேறும் தளமும் வேண்டும். தளம் எங்கே? வருவாய்த்துறைப் பதிவேடுகளில் 'களம் புறம்போக்கு' என்றொரு வகை இன்றும் இருக்கிறது. பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. நிலத்தில் நிற்பது வேறு ஏதேனும் கட்டடம். எஞ்சிய ஒரே சமதளம், கறுப்பாகச் சூடேறும் தளம், தார்ச்சாலை.

மண்டகப்பட்டில் அன்று ஒரு மணி நேரம் நின்று வியந்தோம். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பெருமை பொறித்திருக்கிறான். அதை வாய்விட்டுப் படித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சில கிலோமீட்டர் கடந்ததும் களமே இன்றி நெல்லைக் காயவைக்கும் ஒருவரைக் கண்டோம். அவருக்கு நாங்கள் வழங்க நினைப்பது 285ஆம் பிரிவு!

எங்களில் தமிழ் கற்பிப்போர் இருவர். தொல்காப்பியப் புறத்திணையியல் வாகையில் உழவரின் ஏர்க்களத்தையும் தேர்வேந்தரின் போர்க்களத்தையும் அருகருகே வைத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவர்கள். ஏர்க்களத்துக்குள் தேரை ஓட்டிவிட்டுக் களத்துக்காரன் மேல் வழக்குத் தொடுப்பது எத்துறை என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வது? அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். மலரில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமென்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எங்கள் குழுவிலோ இரண்டு வண்டிகளில் தொழிற்சாலை பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஊரே அதிரும் குழாய் மாட்டியிருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அவ்விருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள் என்பதைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறோம்.

எதிர்த்தரப்பில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. சாலையில் கிடந்த தானியத்தாலும் தட்டையாலும் உயிரிழந்தவர்கள் உண்டு. செய்தித்தாள் படிப்பவர் அறிவர். குறிப்பாக இரவில் குவியலைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிச் சுற்றிலும் கல் வைத்துவிட்டுப் போவதற்கு எந்த நியாயமும் கிடையாது. வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் அதே ஊர்க்காரர்தான் பெரும்பாலும் அதில் மோதுகிறார். இதைப் பெரியவரிடமே சொன்னோம். 'ராத்திரி வாரிடறோம் சாமி, கல்லு மட்டும் கெடக்கும்' என்றார். கல்லும் கிடக்கக் கூடாது என்றோம். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்காக, எடுத்த எடுப்பிலேயே காவல்துறையை ஏவுவதா?

இவையெல்லாம் நடந்தது அடுத்த ஞாயிறன்று. நாங்கள் நால்வர் மட்டும் மீண்டும் போயிருந்தோம். இம்முறை பனைமலை இல்லை, அந்த ஊர் மட்டுமே. பெட்ரோல் நாறியதால் ஏறத்தாழ இரண்டு மூட்டை நெல்லைப் பெரியவர் தனியே கட்டிவைத்திருந்தார். நாற்பது கிலோ மூட்டை. எங்கள் ஒன்பது வண்டிகளும் அன்று குடித்த பெட்ரோலின் விலையில் கால்பங்கு பெறும். பணத்தை நீட்டியபோது மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். கதைகளில் அப்படித்தானே நடக்கும். அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, 'அந்தப் புள்ளைக்குத் தோளு எப்படி இருக்குது?' என்றார். நான்கு பேரின் பங்கை மட்டுமே கொடுத்துவிட்டு வந்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்காது. முழுத்தொகையையும் நாங்களே கொடுத்தோம். ஏனையோர் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது.

இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று அவர்களுடையது. மற்றது நாங்கள் எழுதியது. அந்த ஊருக்கு ஓர் உலர்களம் கட்டித் தர வேண்டும் என்றும், அதுவரை அறுவடை மாதங்களில் அச்சாலையின் இருமுனையிலும் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும் அதே ஆட்சியருக்கு எழுதியிருக்கிறோம். பெறுநர் முகவரி இரண்டிலும் ஒன்றே. அவர்களிடம் நான்கு கையெழுத்து, எங்களிடமும் நான்கு. ஒன்பதாமவர், அதாவது விழுந்த நண்பர், இன்னும் எதிலும் இடவில்லை. தோள்கட்டு அவிழ்ந்த பிறகு யோசிக்கலாம் என்கிறார். முறிந்தது இடத்தோள், வலக்கை நன்றாகத்தான் இருக்கிறது.