தன்னம்பிக்கைக்கு மார்க் போடுகிறவர்கள்

2015இல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பானது. இரண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்தணும். நாமக்கல் பக்கம் அப்படிப் போன எங்க தெருப் பெண் தன் குறிப்பேட்டை என்னிடம் காட்டினாள். இங்கிலீஷ் வகுப்பைப் பார்த்தவர் எழுதியிருக்கிறார்: 'தன்னம்பிக்கை போதாது.'

முதல்நாளே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார நாற்காலி காட்டாதவர்கள் எழுதிய தீர்ப்பு இது. கான்வென்ட் பிள்ளை தப்பாகப் பேசினால் வாய் தவறிவிட்டதாம். எங்க பிள்ளை தப்பினால் கோட்டாவாம். குரல் நடுங்காமல் என்ன செய்யும்?

1930இல் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் எங்க இரட்டைமலை சீனிவாசன். ஆங்கிலம் எங்களைக் கூச வைக்கவில்லை. உங்க பார்வைதான் கூச வைக்கிறது. முதலில் நாற்காலியைப் போடுங்க. மார்க்கை அப்புறம் போடலாம்.